ஐந்து ஆறும் ஓர் இத்தாலிய வண்டியும்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறவர்கள் ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அம்மன்பேட்டையில் வெட்டாறு, கண்டியூரில் குடமுருட்டி, கடைசியில் காவேரி. தூரம் என்னவோ சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு பழைய ஸ்கூட்டரில் ஏறிப் பள்ளிக்கூடம் போய் வருகிற உபாத்தியாயருக்கு அது சாமான்யமான தூரம் அல்ல. முதல் பாலத்தைத் தாண்டினால் மனத்தில் தைரியம் பிறக்கும். மூன்றாவது பாலத்தைத் தாண்டினால் தைரியம் கர்வமாக மாறும். கர்வம் தலைக்கேறிய இடத்தில் வண்டி நின்றுபோகும். இது அடியேனுடைய சொந்த அநுபவம்.

என் வண்டி 1972-ஆம் வருஷத்து லாம்ப்ரெட்டா. என் தகப்பனார் இன்னொருவரிடமிருந்து பழசாக வாங்கியது. வயதில் என்னைவிட மூத்தது. ஆகையால் வீட்டில் அதற்குத் தனி மரியாதை உண்டு; என் பெண் அதைப் "பெரியப்பா" என்றே குறிப்பிடுகிறாள்.

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்றால் மேல்நாட்டார் மோட்டோ குஸி என்றும் டுகாட்டி என்றும் பெரிய பெரிய பெயர்களாகச் சொல்லுவார்கள். அவையெல்லாம் நம் சாலைகளில் தென்படுவது அபூர்வம். நமக்குப் பழக்கமான பழைய மோட்டார் சைக்கிள்கள் இங்கிலாந்து வழியில் வந்த என்பீல்டும், செக் நாட்டு வழியில் வந்த ஜாவாவுந்தான். இத்தாலி தேசம் நம் வீட்டுத் திண்ணை வரையில் வந்தது ஸ்கூட்டர் உருவத்திலேதான். அப்படி வந்தது எவ்வாறு நம்முடைய வண்டியாயிற்று, அதை நாம் எவ்வாறு காப்பாற்றி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

குளவியும் ஆறும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் இத்தாலியில் பாலங்கள் இடிந்து கிடந்தன. தொழிற்சாலைகள் குண்டு வீச்சால் சிதைந்து கிடந்தன. ஆகாய விமானம் செய்துவந்த பியாஜியோ கம்பெனியாருக்கு இனி விமானம் செய்து பிழைக்க வழியில்லை. ஜனங்களுக்கோ மோட்டார் கார் வாங்கப் பணமில்லை. அப்போது கொராடினோ தஸ்கானியோ என்ற இஞ்சினீயரை ஒரு சிறிய வண்டி செய்து தரும்படி கேட்டார்கள். அவர் ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காதாம்! பிடிக்காதவரிடம் வேலையைக் கொடுத்ததுதான் நல்லதாகப் போயிற்று. உடையில் எண்ணெய் படுவது, கால் தூக்கி ஏற வேண்டியிருப்பது, சக்கரம் பஞ்சரானால் கழற்றுவது கஷ்டமாயிருப்பது ஆகிய குறைகளையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக நீக்கினார். விமானத்தின் சக்கரத்தைப் போல முன் சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்கும்படி அமைத்தார். 1946-ல் வெளிவந்த அந்த வண்டிக்கு 'வெஸ்பா' என்று பெயர். இத்தாலிய பாஷையில் அதற்குக் குளவி என்று பொருள்.

மறு வருஷமே, 1947-ல், மிலான் நகரத்து லாம்ப்ராத்தே பகுதியில் இரும்புக் குழாய்த் தொழிலில் புகழ் பெற்றிருந்த இன்னொசெந்தி கம்பெனியார் போட்டியாக லாம்ப்ரெட்டாவைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் தந்தது லாம்ப்ரோ என்ற ஆறு. ஓர் ஆற்றின் பெயரை மறைமுகமாகத் தாங்கிய வண்டி ஐந்து ஆறு பாயும் நாட்டுக்கு வந்து சேர்ந்ததை நான் ஒரு நல்ல பொருத்தமாகவே நினைத்துக் கொள்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வெஸ்பாவில் தனியாக எலும்புக்கூடு கிடையாது. வளைத்து அழுத்திய தகடே உடம்பு. இயந்திரம் பின் சக்கரத்தின் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், சங்கிலியே இல்லை. லாம்ப்ரெட்டாவுக்கு இரும்புக் குழாயினால் ஆன எலும்பு உண்டு. இயந்திரம் நடுவில் இருக்கும். சங்கிலி மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் நனைந்தபடி சுற்றும். இரண்டுக்கும் பொதுவான குணம், வேஷ்டியும் புடைவையும் உடுத்தியவர்கள் தாராளமாக ஏறி உட்காரலாம் என்பது. இத்தாலியப் பெண்களின் பாவாடையை மனத்தில் வைத்துச் செய்ததோ என்னவோ, தஞ்சாவூர் ஜில்லாவின் எட்டு முழ வேஷ்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது! கால் வைக்கும் தட்டில் குழந்தை நிற்கும். காஸ் சிலிண்டர் நிற்கும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டையும் நிற்கும்.

பம்பாயில் ஆட்டோமொபைல் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா கம்பெனியார் 1950-களில் லாம்ப்ரெட்டாவைச் செய்யத் தொடங்கினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பஜாஜ் கம்பெனியார் வெஸ்பாவைச் செய்யலானார்கள். 1971-ல் அந்த உரிமை ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வருஷம் ராணா பிரதாப் சிங்கின் குதிரையினுடைய பெயரைச் சூட்டிச் 'சேதக்' என்று அதே வம்சத்து வண்டியைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார்கள். அதற்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! அதே 1972-ல் இன்னொரு விசித்திரமும் நடந்தது. மிலானில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றுபோக, அங்கிருந்த யந்திரங்களை இந்திய சர்க்கார் விலைக்கு வாங்கி லக்ஷ்மணபுரிக்கு, அதாவது லக்னோவுக்கு, கொண்டுவந்தார்கள். ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற அந்தப் பொதுத்துறை ஸ்தாபனத்தில் 1975-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 'விஜய் டீலக்ஸ்', 'விஜய் சூப்பர்' என்று நம் தெருக்களில் ஓடியவை மிலான் நகரத்து அச்சுகளில் பிறந்தவையே. பிறகு காலம் மாறியது. 1990-களின் இறுதியில் அங்கே ஸ்கூட்டர் செய்வது நின்றது. 2021-ல் ஸ்தாபனத்தையே மூடிவிட முடிவாயிற்று.

ஆகவே, இந்த வண்டிகளுக்குத் தாய்வீடு இத்தாலியிலும் இல்லை. புகுந்த வீடு லக்னோவிலும் இல்லை. இன்று அவை யாருடையவை என்று கேட்டால், அவற்றைத் துடைத்துத் திருகி ஓடவைக்கிறவர்களுடையவை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த உண்மை எனக்குச் சுலபமாகத் தெரிந்துவிடவில்லை.

நிறுத்திக் கெடுத்த கதை

என் தகப்பனார் 2012-ல் காலமானார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வண்டி தாழ்வாரத்தில் ஒரு பழைய ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது. விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் துணிவில்லை. அவர் அருமையாக வைத்திருந்த பொருளை நானும் அருமையாக வைத்திருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். 2015-ல் ஒரு நாள் ஜமக்காளத்தை நீக்கியபோதுதான் என் பக்தியின் லட்சணம் வெளியாயிற்று. பெட்ரோல் தொட்டியின் அடியில் கருப்புக் கோந்து படிந்திருந்தது. காற்று வடிகட்டிக்குள் எலி வைக்கோலைக் கொண்டு கூடு கட்டியிருந்தது. கால் வைக்கும் தகட்டில் துரு அரித்து, அதன் வழியே தரையின் சிவப்பு ஓடு தெரிந்தது.

கீழவாசல் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"ஓட்டிக் கெடுத்தவங்க எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், சார். நீங்க நிறுத்திக் கெடுத்திருக்கீங்க" என்றார்.

நான் தலை குனிந்தேன். "நீங்கதான் சரிபண்ணித் தரணும், பாய்" என்றேன்.

"நான் சரிபண்ணிக் கொடுத்தா ஒரு தடவை ஓடும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டா எப்பவும் ஓடும். எது வேணும்?"

வகுப்பில் முப்பது வருஷம் பாடம் நடத்தினாலும் இவ்வளவு சுருக்கமாகக் கல்வியின் பிரயோஜனத்தை என்னால் சொல்ல முடியாது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பட்டறையில் ஒரு பலகையின்மேல் உட்கார்ந்து பாடம் கேட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பானரைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. டீசலும் பிரஷும் கொடுத்து இயந்திரத்தைக் கழுவச் சொன்னார். அழுக்கு இருக்கிற வரையில் எங்கே எண்ணெய் கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதல்லவா?

வெண்ணாற்றுப் பாலம்

இவ்வளவு கற்றும் ஒரு பாடம் மிச்சமிருந்தது. அது 2019-ஆம் வருஷம். அப்போது நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு திருவையாற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பெட்ரோல் போட்டேன். அவசரத்தில் எண்ணெய் கலக்க மறந்துவிட்டேன்.

வாசகர்களில் சிலருக்கு இது விளங்காமலிருக்கலாம். இக்காலத்து நான்கு வீச்சு இயந்திரங்களில் எண்ணெய் தனியாக அடியில் தேங்கியிருந்து எல்லாப் பாகங்களுக்கும் போய் வரும். பழைய ஸ்கூட்டர்களின் இரண்டு வீச்சு இயந்திரத்திலோ பிஸ்டனுக்கு அப்படி வேறு எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருவதுதான் அதற்கு உயிர். என் வண்டிக்கு நூற்றுக்கு 4 பங்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி லிட்டர், கலக்க வேண்டும். பிற்காலத்து வெஸ்பா, பஜாஜ் வகைகளுக்குப் பெரும்பாலும் அதில் பாதி போதும். எண்ணெய் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறிப் பருத்து உருளையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் இயந்திரம் மட்டும் நிற்பதில்லை. பின் சக்கரமும் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும்.

அம்மன்பேட்டையைத் தாண்டியதும் சத்தம் மாறிற்று. வழக்கமான தடதடப்புப் போய் ஒரு கீச்சுக் குரல் வந்தது. வெண்ணாற்றுப் பாலத்தை நெருங்கும்போது வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தளர்ந்தது. பின் சக்கரம் வழுக்கிற்று. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

"சத்தம் மாறினா யோசிக்காதீங்க, இடது கையைப் பிடிச்சிடுங்க" என்று பாய் நூறு தடவை சொல்லியிருந்தார். மூளை திகைத்து நின்றது. இடது கை கிளட்சைப் பிடித்துவிட்டது. சக்கரம் விடுபட்டு உருண்டது. சாலை ஓரத்துப் புளிய மரத்தடியில் வந்து நின்றோம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று.

"பெரியப்பாவுக்கு என்ன அப்பா?" என்று குழந்தை கேட்டாள். பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை.

பாய் பிஸ்டனைக் கழற்றி என் கையில் வைத்தார். அதன் பக்கவாட்டில் நகத்தால் கீறினாற்போல் நீள நீளமான கோடுகள். உருளையைக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. அவர் என்னைக் கோபித்துக் கொள்ளவில்லை. ஒரு சின்ன அளவுக் குவளையை எடுத்துத் துளை போட்டு வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அன்று முதல் இன்று வரை குவளையைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

இந்த நாட்டு விவசாயிக்கு ஒன்று தெரியும். ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கமென்றால், வாய்க்காலைத் தூர் வாருவது அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுவதில் பயனில்லை. பழைய வண்டிக்கும் இதே நியாயந்தான். நின்ற பிறகு பார்ப்பது பழுது, நிற்குமுன் பார்ப்பது பராமரிப்பு.

ஸ்பார்க் பிளக்கை மாதம் ஒரு முறையாவது கழற்றிப் பாருங்கள். அதன் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் க்ஷேமம். கரியும் ஈரமுமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகமாகி இயந்திரம் சூடேறுகிறது என்று அர்த்தம், அதுதான் அபாயம். மின்பொறியைத் தருகிற பாயிண்டின் இடைவெளி என் வண்டிக்கு ஏறக்குறைய 0.4 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். காலையில் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, மறுபடி நிமிர்த்திக் கிக்கரை உதைக்கும் காட்சி நம் தெருக்களில் ஒரு காலத்தில் நித்தியச் சடங்காக இருந்தது. சாய்த்தால்தான் கிளம்பும் என்பது வண்டியின் சுபாவம் அல்ல, வியாதி. பெட்ரோல் வரும் துவாரத்தில் அழுக்கோ பாயிண்டில் தேய்மானமோ இருக்கிறது என்று அறிய வேண்டும்.

நெல் நாட்டுக்கென்று சில விசேஷ விதிகளும் உண்டு. குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் சாலையில் நெல் காயும். பதரும் தூசியும் பறக்கும். அந்த மாதங்களில் காற்று வடிகட்டியை இரட்டிப்புக் கவனத்தோடு சுத்தம் செய்ய வேண்டும். சிறிய சக்கரமாதலால் நெல்மணிகளின்மேல் பிரேக் போட்டால் சறுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகட்டின் அடிப்பாகத்தில் சேறு ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும். மழைக்கு முன்னும் பின்னும் அடிப்பாகத்தைக் கழுவி உலர்த்தி எண்ணெய் தடவுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரும்பு, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. நம் வயல் விளைவு நம் வண்டிக்கு உணவாவது சந்தோஷமே. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாயையும் வாஷரையும் கரைக்கும். அதைத் தாங்கக்கூடிய புதிய குழாய் போட்டுக்கொள்வதோடு, ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால் தொட்டியையும் கார்ப்யுரேட்டரையும் காலி செய்துவிட வேண்டும். இந்த வேலையை வாசலிலோ கொல்லையிலோ திறந்த வெளியில் செய்ய வேண்டும். மாடத்தில் விளக்கு எரியும் வேளையில் கூடவே கூடாது.

இன்னுமொரு முக்கிய எச்சரிக்கை. இந்த வண்டிகளின் சக்கர வளையம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டுகளால் இணைக்கப்பட்டது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் வளையம் வெடித்துச் சிதறும். காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஸ்பானரை வைக்க வேண்டும்.

புதிதாகப் பழைய வண்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு மயங்க வேண்டாம். துருப்பிடித்த தகட்டின்மேல் மெழுகு பூசி, அதன்மேல் வர்ணம் அடித்து விற்பவர்கள் உண்டு. ஒரு காந்தத்தைக் கொண்டு போய் அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருக்கிற இடத்தில்தான் ஒட்டும். சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். உதிரிப் பாகங்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். புதியவற்றை நம் நாட்டுச் சிறு தொழிலாளர்கள் இன்றும் செய்கிறார்கள். அவை கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் போகின்றன. மிலானில் நின்றுபோன வண்டிக்கு இந்தியாவிலிருந்து உறுப்புகள்!

வேலைக்காரனா, காட்சிப் பொருளா?

வண்டிக்கு 15 வயதானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. 2021-ல் மத்திய சர்க்கார் புதிய விதி ஒன்றும் செய்தார்கள். 50 வயது கடந்து, அசல் உருவம் மாறாத வண்டிகளைப் புராதன வாகனமென்று தனி எண்ணோடு பதிவு செய்துகொள்ளலாம். கௌரவந்தான்! ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, தினசரிக் காரியத்துக்கு ஓட்டக் கூடாது.

என் வண்டிக்கு 2022-ல் அந்த வயது பூர்த்தியாயிற்று. நண்பர்கள் சிலர் கௌரவத்தை வாங்கிக்கொள்ளும்படி யோசனை சொன்னார்கள். நான் இணங்கவில்லை. ஒரு முறை ஜமக்காளத்துக்கடியில் வைத்துக் கும்பிட்டதன் பலனை அநுபவித்தவன் நான். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். அதே சமயம், இரண்டு வீச்சு இயந்திரம் புகை விடும் என்ற குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. அளவாக எண்ணெய் கலந்து சரியாக வைத்திருந்தால் புகை குறையும்; அறவே நிற்காது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அது பள்ளிக்கூடம் வரும். மற்ற நாட்களில் நான் பஸ்ஸில் போகிறேன். என் மனைவியோ மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். அவள் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டேயிருக்கிறாள். நான் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாய் 2023-ல் பட்டறையை மூடிவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஐம்பது வருஷம் அந்த விரல்களில் சேர்ந்த வித்தை அவரோடு போய்விடுமோ என்ற கவலை எனக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இப்போது மாதம் ஒரு முறை வருகிறார். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பெண் ஸ்பானரைப் பிடிக்கிறாள்.

போன மாதம் அவள் பாயிண்டின் இடைவெளியைச் சரி செய்தாள். பிறகு கிக்கரை உதைத்தாள். வண்டியைச் சாய்க்கவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பிற்று. பாய் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

"இன்னும் ஒரு நூல் அளவு இருக்கு, பாப்பா" என்றார்.

அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் திருப்புளியை எடுத்தாள்.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் அப்பாவுடைய வண்டியோ தாத்தாவுடைய வண்டியோ எதையாவது போர்த்திக்கொண்டு நின்றுகொண்டிருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் போர்வையை எடுத்துப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் அதன் வைத்தியம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வீட்டுக் குழந்தைகளையும் கூப்பிடுங்கள்.